ரேடியோக்காரர் பதில்கள்: எம்.எச். 370

கறுப்புப் பெட்டிக்கு ஏன் ஆரஞ்சு நிறம் என்று சென்ற இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விமானத்தைப் பற்றித்தான்: 2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370. சரி, இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிடுவோம். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் விமானி அல்ல. விமானத்தின் ரேடியோ, ரேடார் கருவிகளைக் கழற்றி, சோதித்து, மாட்டிப் பிழைத்தவன். எனக்குத் தெரிந்தது பெட்டிகளும் வயர்களும். மனிதர்களின் மனத்தில் என்ன ஓடியது என்று என்னிடம் கேட்காதீர்கள் என்றாலும் நீங்கள் விடப்போவதில்லை. அதனால் அதற்கும் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்.

தொலைந்த கைப்பேசியையே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அறுபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள விமானம் எப்படி ஐயா காணாமல் போகும்? (கிள்ளான் வாசகர்)

கைப்பேசி தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிக்கொண்டிருப்பதால்தான் அகப்படுகிறது. அணைத்துவிட்டால் அதுவும் அம்போதான். விமானமும் அப்படியே. கட்டுப்பாட்டு அறைத் திரையில் விமானத்தின் எண், உயரம் எல்லாம் தெரிகிறதே, அவற்றை அனுப்புவது விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி. அது வாயை மூடிக்கொண்டால் அந்த அடையாளமும் திரையிலிருந்து போய்விடும்.

2014 மார்ச் 8, நள்ளிரவு 12.42க்கு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது அந்த போயிங் 777. பயணிகளும் பணியாளர்களுமாக 239 பேர். 1.07க்கு, விமானத்தின் நிலவரத்தைத் தானாக அனுப்பும் ஏகார்ஸ் கருவி கடைசியாகப் பேசியது. 1.19க்கு விமானி அறையிலிருந்து 'குட் நைட்' வந்தது. 1.21க்கு, தென்சீனக் கடலுக்கு மேல் இகாரி என்ற புள்ளியைத் தாண்டிய உடனே, திரையிலிருந்து மறைந்தது.

அந்த இடத்தைக் கவனியுங்கள். மலேசியக் கட்டுப்பாட்டாளர் விமானத்தை வியட்நாம்காரரிடம் ஒப்படைக்கும் எல்லை அது. இவர் அனுப்பிவிட்டேன் என்று இருப்பார், அவர் இன்னும் வரவில்லையே என்று இருப்பார். விமானம் பேசவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்குள் ஹோ சி மின் நகரம் நம்மைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டது 1.39க்கு. அப்புறம் நடந்தது அதைவிட மோசம். விமான நிறுவனத்தின் அலுவலகம், விமானம் கம்போடிய வானில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது. கணினித் திரையில் இருந்தது திட்டப்படி விமானம் இருந்திருக்க வேண்டிய இடம். இருந்த இடம் அல்ல. மீட்பு மையம் செயலில் இறங்கியபோது காலை 5.30.

இதற்கிடையில் விமானம் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குக்குத் தெற்கே வளைந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போய்விட்டது. எதிரொலியை மட்டுமே வைத்துப் பார்க்கும் நம் ராணுவ ரேடாரில் 2.22 வரை அது பதிவாகியிருக்கிறது. பதிவானது சரி, யாரும் எழுந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. நட்பு விமானம் என்று விட்டுவிட்டார்களாம்.

விளைவு, ஒரு வாரம் தென்சீனக் கடலில் தேடினோம். எண்ணெய்ப் படலம் என்றார்கள், விமான எண்ணெய் இல்லை. உயிர்காப்புத் தெப்பம் என்றார்கள், எடுத்துப் பார்த்தால் பாசி பிடித்த கேபிள் உருளையின் மூடி. மார்ச் 15ஆம் தேதிதான் அப்போதைய பிரதமர் நஜிப், விமானத்திலிருந்த யாரோ வேண்டுமென்றே திருப்பியதாகத் தெரிகிறது என்றார். கடைசி வார்த்தைகளைக்கூட முதலில் 'ஆல் ரைட், குட் நைட்' என்று சொல்லி, மாதக் கடைசியில் 'குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஜீரோ' என்று திருத்தினார்கள். இந்த மூன்று வாரக் குளறுபடிக்குப் பிறகு, அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்று மாமாக் கடையில் ஒருவர் சொன்னால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

காணாமல் போன பிறகும் பயணிகளின் கைப்பேசிகள் மணியடித்தனவாமே? (புக்கிட் மெர்த்தாஜாம் வாசகி)

பெய்ஜிங்கில் உறவினர்கள் அழைத்தபோது மணிச் சத்தம் கேட்டது உண்மை. ஆனால் அம்மா, நீங்கள் அழைக்கும்போது உங்கள் காதில் கேட்பது எதிராளியின் போன் அடிக்கும் சத்தம் அல்ல. தொலைபேசி வலையமைப்பு உங்களுக்காகப் போடும் சத்தம். எதிராளியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சில வலையமைப்புகள் அதைப் போட்டுவிடும். அந்தக் குடும்பங்களுக்கு அதை முதல் நாளே ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

கைப்பேசி பற்றி உண்மையான செய்தி ஒன்று உண்டு. அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. அன்று அதிகாலை 1.52க்கு துணை விமானியின் கைப்பேசியைப் பினாங்கு பண்டார் பாரு ஃபார்லிமில் உள்ள ஒரு கோபுரம் பதிவு செய்திருக்கிறது. ஃபார்லிம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அழைப்பு இல்லை, குறுஞ்செய்தி இல்லை. ஒரு கணம் கோபுரமும் போனும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, அவ்வளவுதான். ராணுவ ரேடார் அந்த விமானத்தைப் பினாங்குக்குத் தெற்கே காட்டும் நேரமும் அதுதான். சம்பந்தமே இல்லாத இரண்டு கருவிகள் ஒரே இடத்தைச் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. போன் அணைக்கப்படாமல் இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் பிழிய முடியாது. உதவி கேட்க முயன்றார் என்று எழுதியவர்கள் கதை எழுதுகிறார்கள்.

அமெரிக்க ராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா தீவில் இறக்கிவிட்டார்கள் என்கிறார் என் மாமா. கஸக்ஸ்தான் என்கிறார் நண்பர். மாலத்தீவில் தாழப் பறந்ததைப் பார்த்ததாகவும் படித்தேன். எதை நம்புவது? (சுங்கை பட்டாணி வாசகர்)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். எந்தக் கதை வந்தாலும் நான் இரண்டு விஷயங்களுக்குக் கணக்கு கேட்பேன். ஒன்று, காலை 8.19 வரை வந்த செயற்கைக்கோள் பதிவுகள். இன்னொன்று, கரை ஒதுங்கிய துண்டுகள். இரண்டுக்கும் பதில் சொல்லாத கதை டீக்கடையோடு நிற்கட்டும்.

விமானத்தின் கூரையில் ஓர் ஆன்டெனாவும் உள்ளே ஒரு பெட்டியும் இருக்கும். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தரை நிலையம். ஒரு மணி நேரம் விமானத்திலிருந்து சத்தமே இல்லையென்றால் தரை நிலையம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும், பெட்டி 'இருக்கிறேன்' என்று சொல்லும். மனிதர் யாரும் இதில் தலையிடுவதில்லை. விமானியின் கண்ணில் படுகிற விஷயமும் அல்ல.

இந்தப் பெட்டி 1.07க்குப் பிறகு எப்போதோ அணைந்துபோய், 2.25க்கு மறுபடி உயிர்பெற்று, தானே வந்து இணைப்புக் கேட்டிருக்கிறது. கடைசி ரேடார் பதிவுக்கு மூன்றே நிமிடம் கழித்து! மின்சாரம் போய்த் திரும்பியிருக்கிறது. ஏன் போனது, யார் கொடுத்தார்கள்? என்னைக் கேட்டால் இந்த மர்மத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் சந்தித்துக்கொண்டால் இதைத்தான் பேசுவோம். கறுப்புத் துளையைப் பற்றி அல்ல.

அதன்பின் மணிக்கொரு பதிவு: 3.41, 4.41, 5.41, 6.41. அடுத்தது 7.41 ஆக இருக்க வேண்டும், ஆனால் 8.11. ஏன்? 7.13க்குத் தரையிலிருந்து விமானத்துக்குப் போன் போட்டிருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் அந்த அழைப்பு கடிகாரத்தைத் திரும்பவும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டது, அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் எண்ணிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பொருத்தங்களை உட்கார்ந்து ஜோடிக்க முடியாது. 8.19க்குப் பெட்டி மறுபடியும் தானே வந்து இணைப்புக் கேட்டது. எரிபொருள் தீர்ந்து இன்ஜின்கள் நின்று, வாலில் இருக்கும் துணை இன்ஜின் சிறிது நேரம் மின்சாரம் கொடுத்ததால் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதற்குப் பிறகு பதிலில்லை.

சமிக்ஞை போய்வர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிடலாம். திசை தெரியாது. அதனால் பூமியின் மேல் ஒரு பெரிய வளையம் கிடைக்கும். கடைசி வளையத்தைத்தான் ஏழாவது வளைவு என்கிறார்கள். ஒரு முனை மத்திய ஆசியாவில், மறு முனை தெற்கு இந்தியப் பெருங்கடலில். உங்கள் நண்பர் சொல்லும் கஸக்ஸ்தான் அந்த வடக்கு முனையிலிருந்து வந்த கதை. முதல் வாரத்தில் அது முட்டாள்தனமான யோசனை அல்ல. பிறகு அலைவரிசையில் இருந்த மிகச் சிறு மாற்றத்தைப் பார்த்தார்கள். விமானத்தின் வேகத்தால் வரும் மாற்றத்தைப் பெட்டியே சரிசெய்து அனுப்பும், ஆனால் செயற்கைக்கோள் அசையாமல் நிற்கிறது என்ற நினைப்பில் சரிசெய்யும். இந்தச் செயற்கைக்கோளோ வயதானது. ஒரே இடத்தில் நிற்காமல் வடக்கும் தெற்குமாக லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தால் மிஞ்சிய பிசிறு, விமானம் தெற்கே போனால் ஒரு மாதிரியும் வடக்கே போனால் வேறு மாதிரியும் இருக்க வேண்டும். தெற்குப் பாதைதான் ஒத்துவந்தது. விமானத்தின் பயணம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று மார்ச் 24 அன்று நஜிப் அறிவித்தது இதை வைத்துத்தான்.

டியேகோ கார்சியா, மாலத்தீவு இரண்டும் செயற்கைக்கோளுக்கு மிகப் பக்கம், ஏழாவது வளைவுக்கு வெகு உள்ளே. அங்கே இருந்திருந்தால் சமிக்ஞை இன்னும் சீக்கிரம் திரும்பியிருக்கும்.

இனி துண்டுகள். 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் செயின்ட் ஆந்த்ரே கடற்கரையில், கொட்டலசு ஒட்டிய ஃப்ளாப்பரான் ஒன்று கிடைத்தது. இறக்கையின் பின் விளிம்பில் வரும் பாகம் அது. பிரான்ஸில் அதைத் திறந்து பார்த்து, உள்ளேயிருந்த எண்களை ஸ்பெயினில் இருந்த தயாரிப்பாளரின் பதிவோடு ஒப்பிட்டு, இதே விமானத்தினுடையதுதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு மொசாம்பிக், தான்சானியா, மடகாஸ்கர், மொரீஷியஸ் என்று கிடைத்தவற்றில் இன்னும் இரண்டு துண்டுகள் ஐயமின்றி இதனுடையவை. அமெரிக்காவே கொண்டுவந்து போட்டிருக்கலாமே என்று உங்கள் மாமா அடுத்துக் கேட்பார். கொட்டலசு வளர்த்தது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

கறுப்புத் துளை விழுங்கியிருக்குமா? (ஜொகூர் பாரு மாணவர்)

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிஜமாகவே கேட்டார்கள் தம்பி, 2014 மார்ச்சில். பதில் சொல்ல வந்த நிபுணர், சின்னக் கறுப்புத் துளைகூடப் பிரபஞ்சத்தையே விழுங்கிவிடும் என்றார். கேள்வியும் தப்பு, பதிலும் தப்பு. இருபத்து நான்கு மணி நேரமும் ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்றால் இப்படித்தான். நாம் சிரிக்கும் யோக்கியதை நமக்கும் கிடையாது. அதே மாதம் நம் விமான நிலையத்தில் ஒரு பொமோ, அதாவது மலாய் மந்திரவாதி, இளநீர்க் காய்களும் மூங்கில் தொலைநோக்கியும் பாயுமாக வந்து உட்கார்ந்தார். உலகமே படம் பிடித்தது.

மங்குஸ்தீன் பழத்தின் சாறு பேட்டரி மேல் வழிந்து தீப்பிடித்ததாகச் சொல்கிறார்களே? (மூவார் வாசகி)

உங்கள் ஊர்ப் பழம் என்பதால் கேட்கிறீர்களா? சரக்கறையில் 4,566 கிலோ மங்குஸ்தீன் இருந்தது. பினாங்கிலிருந்து வந்த மின்னணுச் சரக்கில் 221 கிலோ லித்தியம் அயான் பேட்டரியும் இருந்தது. 'இந்தப் பருவத்தில் ஏது மங்குஸ்தீன், பெட்டிக்குள் வேறு எதையோ அனுப்பியிருக்கிறார்கள்' என்று ஒரு கிளைக்கதை. பழத்தில் ஒரு பகுதி மூவாரில் பறித்தது என்று அதிகாரபூர்வ அறிக்கையே சொல்கிறது. சாற்றையும் பேட்டரியையும் சேர்த்து வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள், காரணமாக இருக்க முடியாது என்று முடிவு வந்தது.

லித்தியம் பேட்டரியை நான் லேசாக எடுத்துக்கொள்பவன் அல்ல. அதனால் சரக்கு விமானங்கள் எரிந்து விழுந்திருக்கின்றன. ஆனால் இகாரியில் பிடித்த தீ, ரேடியோவை முதலில் அணைத்து, விமானத்தைப் பல திருப்பங்கள் திருப்பி, மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, அப்புறம் ஆறு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் பறக்க விடுமா? எனக்குப் புரியவில்லை.

கேப்டன்தான் செய்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் நழுவுகிறீர்கள்? (ஈப்போ வாசகர்)

நழுவவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். கேப்டன் ஸஹாரி அகமது ஷாவின் வீட்டில் இருந்த, விமானம் ஓட்டிப் பழகும் கணினி சிமுலேட்டரில், தெற்கு இந்தியப் பெருங்கடல் வரை போகும் புள்ளிகள் அகப்பட்டன. இது அவருக்கு எதிரானது. இகாரியில் நடந்த திருப்பம் தானியங்கியால் அல்ல, கையால் ஓட்டித்தான் நடந்திருக்க முடியும் என்று 2018 ஜூலையில் வந்த இறுதி அறிக்கை சொல்கிறது. இது யாரோ ஒருவர் ஓட்டினார் என்பதற்கு ஆதாரம், அவர்தான் என்பதற்கு அல்ல. அதே அறிக்கை, அவருடைய நடத்தையில், பணவிஷயத்தில், உடல்நிலையில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்கிறது. மூன்றாவது ஆள் தலையிட்டிருக்கலாம் என்பதையும் அது தள்ளிவிடவில்லை. காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடித்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையின் குறைகள் அதில் வெளிவந்ததும் விமானப் போக்குவரத்துத் துறைத் தலைவர் பதவி விலகினார்.

அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வாரின் ஆதரவாளர் அவர், முந்தின நாள்தான் அன்வாருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தண்டனை, அந்தக் கோபத்தில் செய்துவிட்டார் என்று ஒரு கதை பரவியது நினைவிருக்கிறதா? நாட்டில் பாதிப் பேர் அந்தக் கட்சிகளுக்குத்தான் ஓட்டுப் போட்டோம். கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்த இரண்டு ஈரானிய இளைஞர்களையும் முதலில் தீவிரவாதி ஆக்கினோம். ஐரோப்பாவில் தஞ்சம் தேடிப் போனவர்கள் அவர்கள். ஆகவே கேப்டன் விஷயத்தில் நான் வரிசையில் நிற்கப்போவதில்லை. சந்தேகம் வலுவானது என்று சொல்வேன், தீர்ப்பு என்று சொல்லமாட்டேன்.

இந்தியர்கள் எத்தனை பேர்? இந்தியா தேடியதா? (சென்னை வாசகர்)

இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் 5 பேர். மீனவர் நலனுக்காக உங்கள் சென்னையிலிருந்து உழைத்த ஒருவர், மங்கோலியாவில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மலேசியத் தமிழர்களும் அதில் இருந்தார்கள். இந்தியக் கடற்படை அந்தமான் பக்கம் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பித் தேடியது.

கறுப்புப் பெட்டி இனிக் கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும்தானே? (சிரம்பான் வாசகர்)

பாதி தெரியும். பெட்டிகளோடு ஒட்டியிருக்கும் பீக்கன் என்ற ஒலிக்கருவி 30 நாள் கத்தும், அப்புறம் ஊமை. இதில் விமானத் தரவுப் பெட்டியின் பீக்கனுக்கு பேட்டரித் தவணை 2012 டிசம்பரிலேயே முடிந்திருந்தது. மாற்றவில்லை. பேட்டரித் தேதி பார்ப்பது எங்கள் வேலையிலேயே மிகச் சலிப்பான வேலை. அதற்காக விட்டுவிடுவதா? அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குரல் பதிவுப் பெட்டி கடைசி 2 மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். இகாரியில் யார் என்ன பேசினார்கள் என்பது 2014 மார்ச் 8 விடியும் முன்பே அழிந்துபோயிருக்கும். தரவுப் பெட்டியில் மட்டும் முழுப் பயணமும் இருக்கும்.

கிடைக்க வேண்டுமே! ஆஸ்திரேலியா, மலேசியா, சீனா சேர்ந்து 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவி, 2017 ஜனவரியில் நிறுத்தின. சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்தில் பழைய கப்பல்கள் அகப்பட்டன, விமானம் இல்லை. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் இன்னும் 1,12,000 சதுர கிலோமீட்டர் பார்த்தது. 2025 மார்ச்சில் அதே நிறுவனத்தோடு, 15,000 சதுர கிலோமீட்டர் புதிய பகுதிக்கு, கிடைத்தால் 7 கோடி டாலர், இல்லையென்றால் ஒரு காசும் இல்லை என்று அரசாங்கம் ஒப்பந்தம் போட்டது. கடல் கொந்தளிக்கும் பருவம் வந்ததால் அடுத்த மாதமே வேலை நின்றது.

கூகுள் வரைபடத்தில் கம்போடியக் காட்டுக்குள் விமானம் கிடக்கும் படம் எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். (காஜாங் வாசகர்)

பார்த்தேன். 2018இலிருந்து சுற்றும் படம். செயற்கைக்கோள் படமெடுக்கும் நேரத்தில் குறுக்கே பறந்துகொண்டிருந்த ஏதோ ஒரு விமானமாகத்தான் இருக்கும். காட்டில் விழுந்தது இப்படி இறக்கை, வால் எல்லாம் முழுசாக, மரம் ஒன்றுகூட முறியாமல் படுத்திருக்காது. கோலாலம்பூர் விமான நிலையத்தைச் சுற்றி அதே வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், மரங்களுக்கு மேல் 'கிடக்கும்' விமானம் உங்களுக்கும் ஒன்று கிடைக்கலாம். குழுவில் இதையே பதிலாகப் போட்டுவிடுங்கள். படத்தை மட்டும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம், போனில் இடமில்லை.

விமானத்தில் கைப்பேசியை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்ட தைப்பிங் வாசகருக்கும், கடைசி வரிசை இருக்கைதான் பாதுகாப்பா என்று கேட்ட பத்துமலை வாசகிக்கும் அடுத்த இதழில்.